உஷார்! நொய்யல் கரையில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்களா?

குடத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

ஒரத்துப்பாளையம் பக்கம் ஒரு அம்மா. தோட்டத்துக் கிணற்றில் பளிங்கு மாதிரி தண்ணீர். லேசாக உப்புக் கரித்தது. "காய்ச்சினால் சரியாயிடும்" என்று நம்பினார். பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தார். தென்னையில் குரும்பை கொட்டியது. மஞ்சள் இலை நுனி கருகியது. மாடு தொட்டியில் வாய் வைக்கவில்லை. அப்புறம்தான் தண்ணீரைச் சோதித்தார். குடிக்கவே லாயக்கில்லை என்று முடிவு வந்தது!

காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது! தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்.

வெள்ளியங்கிரி மலையில் நொய்யல் நல்ல தண்ணீராகத்தான் பிறக்கிறது. கோவையில் சாக்கடை சேருகிறது. திருப்பூரில் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைக் கழிவு சேர்ந்தது. துணியில் சாயம் பிடிக்கப் போடும் உப்பு அத்தனையும் அதில் வந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமானது. "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே கெஞ்சினார்கள்.

2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே என்கிறீர்களா? அசந்துவிடாதீர்கள்! நிலத்தடியில் இறங்கிய உப்பு லேசில் வெளியேறாது. கீழே இருப்பவர்களும் கவனியுங்கள். இந்த ஆறு கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் கலக்கிறது.

இவை தெரிந்தால் உஷார்:

* சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது.
* பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும்.
* வயலில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.
* மழை பெய்ததும் ஆற்றில் நுரை பொங்கும்.
* தண்ணீரில் நிறமோ வாடையோ வரும்.

எதுவுமே தெரியவில்லையா? அப்போதும் நம்பாதீர்கள்! சாக்கடை கலந்த நிலத்தடி நீரில் நைட்ரேட் இருக்கலாம். அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியுமில்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் அது போகாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைக்கவே கரைக்காதீர்கள்!

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு வழியே இல்லாத ஊரில்கூட 2,000 தான் எல்லை. ஆற்றில் சாயத் தண்ணீரைக் கண்டால் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

சோதனை முடிவு கைக்கு வரும்வரை, அந்தக் கிணற்றுத் தண்ணீர் பிள்ளைகள் வாயில் படவே வேண்டாம்!