ஒத்துக்காரரும் முட்டுக்கட்டையும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்னும் விடவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். படம் எடுப்பவர்கள் அந்தப் பக்கமே முண்டியடிப்பார்கள். டீயைக் குடித்துக்கொண்டே வாருங்கள், நாம் சக்கரத்தடிக்குப் போவோம்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடித்தவர்களுக்கு இழுப்பது ஒன்றுதான் வேலை. வண்டியை நேராக நடத்துவதும், வீதி முனையில் திருப்புவதும், சக்கரத்தை ஒட்டி நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள். இடப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தேங்கும், வலப்பக்கம் முந்தும், தேர் இடப்புறமாகத் திரும்பும். ஊரே சேர்ந்து இழுப்பதை ஒற்றுமை என்று மெச்சுகிறோம். நியாயம்தான். ஆனால் எல்லாருமே இழுத்தால் தேர் யாராவது வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்கும்.

இசைவு கூடிவரும் இடத்திலெல்லாம் கூடவே ஓடாத ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். சாமி புறப்படும்போது நாகசுரத்தில் கம்பீரநாட்டை மல்லாரி கேட்கிறோம். பழைய மேளத்தில் பக்கத்திலேயே ஒத்துக்காரர் நிற்பார். விரல் வைத்து வாசிக்கத் துளையில்லாத குழல். ஸட்ஜம் மட்டும், மூச்சு அறாமல். கைதட்டல் அவருக்கு வராது. ஆனால் அவர் இல்லாமல் பஞ்சமம் சரியா என்று எதை வைத்துச் சொல்வது?

கணக்காகவே பார்க்கலாம். ஸட்ஜம் நொடிக்கு 200 முறை அதிர்கிறது என்றால் பஞ்சமம் 300. அங்கே இரண்டு அதிர்வு முடியும்போது இங்கே மூன்று முடிந்து இரண்டும் சேரும். பஞ்சமம் 303-க்கு நழுவினால் ஸட்ஜத்தின் மும்மடங்கு மேல்சுரம் 600-இலும், பஞ்சமத்தின் இருமடங்கு மேல்சுரம் 606-இலும் நிற்கும். நொடிக்கு ஆறு தடவை ஒலி பொங்கித் தாழும். அதைத்தான் நாம் ‘சுருதி சேரல’ என்கிறோம். கணக்குத் தெரியாதவர் காதும் அதைப் பிடித்துவிடும்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண் வேலையிலும் இதே சங்கதிதான். களிமண் காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது. களிமண் மட்டும் வைத்து வனைந்தால் வெடிப்பு விடும். ஒட்டாத மணலைக் கலந்தால்தான் உருவம் நிற்கிறது. மணல் மிஞ்சினால் உதிரும், அது வேறு கதை.

இப்போது பல மேளங்களில் ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி. களைக்காது, சம்பளமும் கேட்காது. ஆனால் வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரம் ஏறி, குழல் சூடாகி, நாகசுரத்தின் சுருதி கொஞ்சம் நகரும். ஒத்துக்காரர் அதைக் காதில் வாங்கி மூச்சை ஏற்றி இறக்கி ஈடு கொடுப்பார். பெட்டிக்குக் காது ஏது? நாகசுரக்காரர்தான் வாசிப்புக்கு நடுவே சீவாளியை மாற்றி மாற்றிப் பெட்டியோடு சேர வேண்டியிருக்கிறது.