விசிலை எண்ணாதீர்கள்

“பருப்புக்கு எத்தனை விசில்?” இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் வேறு. மூன்று போதும் என்பார்கள் ஒரு வீட்டில், ஆறு வந்தால்தான் குழையும் என்பார்கள் அடுத்த வீட்டில். இருவர் சொல்வதும் அவரவர் அடுப்புக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் விசிலை நம்பிச் சமைப்பவர்கள் காலை நேரத்தையும் கேஸையும் வீணாக்குகிறார்கள். குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டையும் மிச்சப்படுத்தலாம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். உயரம் கூடக் கூட, காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பது இதனால்தான்.

குக்கர் இதைத் தலைகீழாக்குகிறது. மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையில் கேஸ்கட் ஆவியை அடைத்து வைக்க, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாகும் வரை வெயிட் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி. இருபது டிகிரி கூடுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும். இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கேட்கும் துவரம்பருப்பு பத்து நிமிடத்தில் மசிவது இந்தக் கணக்கில்தான்.

சரி, விசில் என்பது என்ன? அழுத்தம் எல்லையைத் தொட்டதும் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் வெயிட் மறுபடி உட்காருகிறது. “தேவைக்கு மேல் எரிகிறது” என்று குக்கர் சொல்லும் செய்தி அது, அவ்வளவுதான். அடுப்பு முழுத் தீயில் இருந்தால் விசில்கள் மளமளவென்று வரும்; சிம்மில் இருந்தால் வராமலே போகலாம். குக்கர் பெரிதா சிறிதா, உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்தும் மாறும். இதை வைத்து நேரத்தை அளக்கவே முடியாது. அதோடு, ஒவ்வொரு விசிலிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் வெளியேறுகிறது.

செய்ய வேண்டியது எளிது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்முக்குக் குறையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு எட்டு முதல் பத்து நிமிடம், இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்து முதல் இருபது. வெயிட் லேசாகச் சீறிக்கொண்டிருந்தால் போதும். உள்ளே அதே 120 டிகிரிதான்.

வெயிட்டைத் தனியாகப் போடும் குக்கர் என்றால், ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகே போட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது வெறும் பழக்கமல்ல. உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். வெயிட் தூக்கினாலும் உள்ளே எதிர்பார்த்த சூடு இருக்காது. முதலில் காற்றை வெளியேற்றிவிட்டால் அந்த இடம் முழுக்க ஆவிக்குத்தான்.

ஆவியின் அழுத்தத்தைச் சமையலுக்குக் கொண்டுவந்தவர் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டனில், எலும்பையே மெத்தென்று வேகவைக்கும் இறுக்கமான பாத்திரம் ஒன்றை அவர் செய்தார். அது வெடித்துவிடாமல் இருக்க எடை தொங்கும் வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் வெயிட்டுக்கு மூதாதை அதுதான். இந்தியாவில் வேறொரு முயற்சியும் நடந்தது. 1910-ல் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கரில் அழுத்தம் கிடையாது. அடுக்குப் பாத்திரங்களும் அடியில் கரி நெருப்பும்தான். வைத்துவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால் சோறும் பருப்பும் சேர்ந்தே வெந்திருக்கும். நம் பக்கத்தில் ருக்மணி குக்கர் என்று வழங்கியதும் இந்த வகைதான். சமைப்பவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்றைய குக்கரிலும் அந்த அடுக்கு முறை கைகொடுக்கும். உள்ளே எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே சூடு என்பதால், எது மேலே எது கீழே என்பது பெரிதல்ல. எல்லாம் ஒரே நேரத்தில் வேக வேண்டும், அதுதான் சூட்சுமம். நேரம் அதிகம் கேட்கும் பருப்பை ஊறவைத்து நேரத்தைக் குறையுங்கள். சீக்கிரம் குழையும் உருளைக்கிழங்கை நறுக்காமல் முழுதாகப் போட்டு நேரத்தைக் கூட்டுங்கள். அரிசி நடுவில் சேர்ந்துகொள்ளும். பருப்பை நேரடியாகக் குக்கரில் போடுவதானால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை எழும்பி ஆவித் துளையை அடைக்கும்.

காலையில் முதலில் ஏற வேண்டியது குக்கர். ஆவி ஏற, வேக, தானாக அடங்க எல்லாம் சேர்த்து அரை மணி ஆகலாம். அதில் உங்கள் கை தேவைப்படுவது ஓரிரு நிமிடம். புளி கரைப்பது, காய் நறுக்குவது, தாளிப்பது எல்லாம் அந்த அரை மணிக்குள் அடங்கிவிடும். அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் இறங்கும் பத்து நிமிடமும் சமையல் நேரமே, உள்ளே பருப்பு இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று விழும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் பொங்கிக் கொதித்துச் சூடான பருப்புநீராகப் பீறிடும். கையும் முகமும் வெந்துபோகும்.

நாளைக் காலை ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். முதல் விசில், சிம், எட்டு நிமிடம், அணைப்பு. வேகவில்லை என்றால் மறுநாள் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். உங்கள் குக்கருக்கும் உங்கள் பருப்புக்கும் பொருந்தும் எண் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். அதைத் தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவையுங்கள். வீட்டில் யார் அடுப்பைப் பற்றவைத்தாலும் சமையல் தவறாது.