உடல் மறவாது, பெற்றோரும் மறவாதிருப்பாராக!

குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வருமாயின், சளி என்றோ கண்ணேறு என்றோ எண்ணி வாளாவிருத்தல் தகாது. சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும். அதற்குரிய காரணங்களுள் ஒன்றையும், அதற்கு ஊசியால் செய்யப்படும் சிகிச்சையையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

சிறுநீரகத்தில் ஊறும் நீர் இரு குழாய்களின் வழியே சிறுநீர்ப்பையை அடைகிறது. குழாயின் கடைசிப் பகுதி பையின் சுவருக்குள் சாய்வாகச் செல்வதால், பை நிறையும்போது அவ்வழி தானே அடைபடுகிறது. படைத்தவர் அமைத்த கதவு அது. சில குழந்தைகளுக்கு அப்பகுதி குட்டையாயிருப்பதால் நீர் மேல்நோக்கித் திரும்புகிறது. கிருமியும் உடன் சென்றால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பிற்காலத்தில் இரத்த அழுத்த நோயும் தோன்றலாம். பலருக்கு வளர வளர இக்குறை தானே நீங்கிவிடும். நீங்காத சிலருக்கே மருத்துவர் கைவைக்க நேரிடும்.

முன்னாளில் அறுவையே வழியாயிருந்தது. 1984-ஆம் ஆண்டில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் தேவ அன்னையின் பெயர் தாங்கிய குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பாரி ஓ'டானல், பிரேம் பூரி எனும் மருத்துவர்கள் எளிய முறையொன்றை வெளியிட்டனர். வயிற்றைக் கீறாமல், சிறுநீர் வழியே கருவியைச் செலுத்தி, குழாய் வாயின் அடியில் டெஃப்லான் பசையை ஊசியால் இட்டனர். சிறு மேடு எழுந்தது, கதவு மூடியது.

அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. நாய்களுக்கும் குரங்குகளுக்கும் சிறுநீர் வழியைச் சுற்றி அப்பசையைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அதன் துகள்கள் நுரையீரலிலும் மூளையிலும்கூடக் காணப்பட்டன!

அந்நியப் பொருள் நுழைந்தால் உடல் சும்மா இராது. காவல் செல்கள் அதனை விழுங்க முயலும். இயலாதபோது பல செல்கள் ஒன்றாய் இணைந்து வளைத்துக்கொள்ளும். சுற்றிலும் நார்த்திசு உறைபோல் அமையும். நுண்துகள்களோ இடம்பெயர்ந்து செல்லவும் கூடும். எனவே மருத்துவர் வேறு பொருள்களை நாடினர். மாட்டுத் தோலிலிருந்து பெற்ற கொலாஜன் நாளடைவில் கரைந்து, மேடு தாழ்ந்தது. பின்னர் சுவீடன் நாட்டில் உருவான டீஃப்லக்ஸ் என்னும் பொருளுக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் மணிகள் 80 முதல் 250 மைக்ரான் அளவுள்ளவை. ஆதலால் எளிதில் இடம்பெயரா. அவற்றினிடையே நார்த்திசு வளர்ந்து மேட்டைத் தாங்குகிறது. அஞ்சத்தக்கதாயிருந்த எதிர்வினையே இங்குத் துணையாகிறது.

எனினும், சிலருக்கு அம்மேட்டில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பல ஆண்டுகளுக்குப்பின் வயிற்று வலிக்காக சி.டி. படம் எடுத்தால், அது சிறுநீர்க்கல் போலவே தோன்றும். இல்லாத கல்லைத் தேடி மருத்துவர் கருவி செலுத்திய நிகழ்ச்சிகளும் உண்டு. பழைய செய்தி ஒன்று தெரிந்திருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது.

ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? மறைவான உறுப்பு என்ற கூச்சத்தாலும், பெண் பிள்ளையாயின் திருமணப் பேச்சில் குறையாகுமோ என்ற அச்சத்தாலும் பெற்றோர் வாய் திறப்பதில்லை. மனிதன் தன் உடலுக்கு முழு உரிமையாளன் அல்லன், பொறுப்பாளனே என்று 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவ அறிஞருக்குப் போதித்தார். தன் உடலில் வைக்கப்பட்டது யாதென அறியாதவர், அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவார்? சிறுநீரகத்தில் தழும்புள்ள பெண், தாய்மையுறும்போது அதனை மருத்துவரிடம் கூறியே ஆகவேண்டும்.

ஆகவே பெற்றோரே, ஊசி இடப்பட்ட நாள், வலமா இடமா என்பது, இட்ட பொருளின் பெயர் ஆகியவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழோடு அத்தாளையும் சேர்த்து வையுங்கள். பிள்ளை வளர்ந்ததும் இரண்டையும் அவர் கையில் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.