காலில் சக்கரம் கட்டி 42 கிலோமீட்டர்!



ஸ்கேட்டிங் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? சாயங்காலம் பிள்ளையை வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அது விழுந்து எழுந்து வரும்வரை தண்ணீர் பாட்டிலும் கையுமாக சிமென்ட் பெஞ்சில் காத்திருப்பதுதானே? சக்கரம் பிள்ளைக்கு, பெஞ்ச் அம்மாவுக்கு. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணவரின் வேலை காரணமாக நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவன் நகருக்கு வந்த பிறகுதான், பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சக்கரக் காலணியில் சர்ரென்று போவதைப் பார்த்தேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு சறுக்குவது ரத்தத்தில் ஊறியது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துவிடும். வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தில் பதினோரு ஊர்களைச் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பயணம் ஒன்று உண்டு. 1909-ல் தொடங்கிய அது இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரியில். அதன்பிறகு அந்த அளவுக்குத் தடிமனாகப் பனி உறையவே இல்லை! பனி இல்லாத மாதங்களில் கால் மறந்துவிடக் கூடாதே என்று சக்கரத்தில் பழகுகிறார்கள். இதில் சக்கரங்கள் வண்டிச் சக்கரம் போல இரண்டு பக்கமும் இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் இருக்கும். அதனால்தான் இன்லைன் ஸ்கேட்டிங் என்று பெயர்.

43 வயதில் எங்கள் பேட்டை கிளப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? விழுவதற்கு! புல்தரையில் முழங்காலை முதலில் ஊன்றி, பிறகு கையைச் சறுக்கவிட்டு, மறுபடி மறுபடி விழ வேண்டும். பின்பக்கமாக மட்டும் விழக்கூடாது. மாதவிலக்கு நிற்கும் வயதையொட்டி நமக்கு எலும்பின் அடர்த்தி குறைய ஆரம்பிக்கிறது. விழும்போது கையை ஊன்றினால் முதலில் முறிவது மணிக்கட்டுதான். அதனால் மணிக்கட்டுக் கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், ஹெல்மெட் நான்கும் போடாமல் ஒருத்தரையும் தளத்தில் இறங்க விடமாட்டார்கள். இதைப் படித்துவிட்டு எந்தச் சகோதரியாவது ஆசைப்பட்டால், ஸ்கேட் வாங்குவதற்கு முன்னால் அந்த நான்கையும் வாங்குங்கள்.

புதன்கிழமைதோறும் ராத்திரி பயிற்சி. அதில் பழக்கமான ஆறு பேரில் நான் ஒருத்திதான் தமிழச்சி, மற்ற ஐவரும் டச்சுக்காரர்கள். மூத்தவருக்கு வயது 63. இங்கே வயது பார்க்காமல் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் வாயில் அது கடைசிவரை வரவில்லை. ‘அக்கா’ என்றே கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவர்களையும் அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார்!

அந்த அக்காதான் 2023-ல் பெர்லின் போகலாம் என்று ஆரம்பித்தது. ஜெர்மனியில் நடக்கும் பெர்லின் மாரத்தானை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஞாயிறன்று ஓட்டக்காரர்கள் ஓடும் அதே 42.195 கிலோமீட்டர் பாதையில், முதல் நாள் சனிக்கிழமை பிற்பகல் ஸ்கேட்டர்கள் போவார்கள். 1997-லிருந்து ஸ்கேட்டர்களுக்கும் இதில் இடம் உண்டு. அக்கா இளம் வயதில் அங்கே இரண்டு முறை போயிருக்கிறார். வலது முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், நவம்பரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. “அதுக்கப்புறம் மாரத்தான் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். ஆனா தனியா முடியாது, நீங்க எல்லாரும் வரணும்” என்றார். நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து கிளம்புவது, சேர்ந்தே கோட்டைத் தாண்டுவது என்று பேசிக்கொண்டோம்.

எனக்குச் சிக்கல் வேறு விதத்தில் வந்தது. அந்த செப்டம்பரில்தான் என் மாமியார் முதன்முதலாக எங்களைப் பார்க்க வந்திருந்தார். “அம்மா வந்திருக்கிற நேரத்துல மூணு நாள் போயே ஆகணுமா?” என்று கணவர் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் போனில், “அண்ணி, இந்த வயசுல விழுந்து வெச்சா யாரு பார்த்துக்கிறது?” என்றாள். நியாயமான கேள்விதான். எனக்கே ராத்திரியில் அந்தக் கேள்வி வரும். அக்காவிடம் வரமுடியாது என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, “ஏம்மா, அது எவ்வளவு தூரம்?” என்றார். “நம்ம கும்பகோணத்துலேருந்து தஞ்சாவூர் போறது 40 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க அத்தை, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம்” என்றேன். “அவ்ளோ தூரம் பஸ்ல போனாலே இடுப்பு விட்டுப் போகுது. நீ எப்படிடீ போவ?” என்று கேட்டவர், மறுநாள் புளி ஊறவைத்தார். புளியோதரை கட்டிக் கொடுத்தால் இரண்டு நாள் தாங்குமாம். அனுமதி என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. மகனிடம் மட்டும், “பசங்களுக்கு நான் சமைச்சுப் போடறேன், எனக்கு ஒண்ணும் கை முடங்கலே” என்றார்.

வெள்ளிக்கிழமை வாடகை வேனில் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையத்தில் எண் அட்டை கொடுத்தார்கள். 1948-49-ல் சோவியத் படை தரைவழிகளை அடைத்தபோது, மேற்கு பெர்லின் மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடம் அது. 2008-ல் விமான நிலையத்தை மூடிவிட்டு ஓடுபாதையைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டார்கள். விமானம் இறங்கிய இடத்தில் நாங்கள் சக்கரத்தோடு இரண்டு சுற்று போய்ப் பார்த்தோம். பிறகு அங்கேயே ஓரமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். நீண்ட தூரம் போவதற்கு முதல் நாள் சோறு, நூடுல்ஸ் மாதிரி மாவுச்சத்துதான் நிறைய சாப்பிட வேண்டும். அக்கா மிளகாயை ஒதுக்கிவிட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். வேர்க்கடலை எங்களுக்கு மிஞ்சவே இல்லை!

மறுநாள் டியர்கார்டன் பூங்கா நடுவே போகும் அகலமான சாலையில் கூட்டத்தோடு நின்றோம். கணுக்காலில் நேரம் பார்க்கும் சிப். வேகக்காரர்களை முன்னால் விடுகிறார்கள். அவர்களில் முதல்வர்களுக்கு ஒரு மணி நேரமே அதிகம். பெல்ஜியம் நாட்டு பார்ட் ஸ்விங்ஸ் இங்கே பலமுறை ஜெயித்தவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கிலும் தங்கம் வாங்கினார். எங்களைப் போன்றவர்கள் கடைசிப் பிரிவு. கடைசியில் வருகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வரும். ஜெர்மன் பாஷையில் அதற்குத் ‘துடைப்ப வண்டி’ என்று பேர். அது எட்டிப் பிடித்துவிட்டால் ஏறி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். எங்களுக்குப் பயமெல்லாம் அந்தத் துடைப்பத்தின் மேல்தான்.

இனி முக்கியமான விஷயம். இதில் தனியாகப் போகிறவர் சீக்கிரம் களைத்துப் போவார். காரணம் காற்று. வேகம் ஏற ஏற எதிர்க்காற்று நம்மைப் பிடித்துத் தள்ளும். அதனால் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக நெருங்கிப் போவார்கள். முதலில் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு உழைப்பு மிச்சம். கொஞ்ச நேரம் ஆனதும் முன்னால் போனவர் பக்கவாட்டில் விலகி, மெல்ல ஒதுங்கி, வரிசையின் கடைசிக்கு வந்துவிடுவார். அடுத்தவர் முன்னால். குழி, தண்ணீர்க் குவளை, டிராம் தண்டவாளம் எதைப் பார்த்தாலும் முதல் ஆள் கத்திச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தைக் குறுக்காகத் தாண்டாமல் சாய்வாகப் போனால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். முதல் ஆள் தடுமாறினால் பின்னால் அத்தனை பேரும் விழுவார்கள். அந்தப் பொறுப்புக்குப் பயந்துதான் நான் நான்கு வருஷமாகப் பயிற்சியில்கூட முன்னால் போனதே இல்லை. வரிசையில் ஐந்தாவதாக நான், ஆறாவதாக அக்கா. மற்ற நான்கு பேரும் மாறி மாறிக் காற்றை வாங்குவார்கள். அப்படித்தான் அன்றும் கிளம்பினோம்.

பாதி தூரம்வரை ஒரு குறையும் இல்லை. பாதை சமதளம், வீட்டு மாடிகளிலிருந்து சாஸ்பானைத் தட்டி உற்சாகப்படுத்துகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் இரண்டு ஆண்கள் மோதி விழுந்தார்கள். விலகிப் போய்விட்டோம். 28 கிலோமீட்டர் தாண்டியதும் அக்கா பின்னாலிருந்து, “இடைவெளி!” என்று கத்தினார். அவரால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துச் சேர்த்துக்கொண்டோம். இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் ‘இடைவெளி’. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வலியில் உதட்டைக் கடித்திருந்தார். “நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அதே நேரம் முன்னால் இருந்த ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இன்னொருத்தி காற்று வாங்கியே ஓய்ந்துபோயிருந்தாள். முறைபோட்டு முன்னால் போக இப்போது இரண்டே பேர். அவர்களும் கையைக் காட்டிவிட்டு விலகினார்கள். நிமிர்ந்தால் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை, காலியான சாலை! காற்று பொட்டென்று நெஞ்சில் அறைந்தது. அக்கா என் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்தார். வரிசையில் போகும்போது அப்படித் தொட்டுக்கொண்டு போவது வழக்கம்தான். “நான் இங்கேதான் இருக்கேன். நீ ரோட்டை மட்டும் பார்” என்றார்.

ஒரு கிலோமீட்டர் போய் விலகிவிடலாம் என்று நினைத்தேன். குர்ஃபுர்ஸ்டன்டாம் என்ற பெரிய கடைத்தெரு வந்தது. நம்ம பாண்டி பஜார் மாதிரி. ஜன்னலில் தொங்கிய துணிமணி ஒன்றும் கண்ணில் படவில்லை. என் கால் சத்தம், பின்னால் ஐந்து பேரின் கால் சத்தம், எல்லாம் ஒரே தாளத்தில். அக்காவால் தாங்க முடிகிற வேகம் எது என்று அந்தக் கை சொல்லிக்கொண்டே வந்தது. அழுத்தம் குறைந்தால் நான் மெதுவாகப் போவேன், சரியானதும் பழையபடி. ஐந்து கிலோமீட்டர் கழித்துத்தான் விலகினேன். அதற்குள் கெண்டைக்கால் பிடித்தவள் சரியாகி முன்னால் வந்துவிட்டாள். துடைப்ப வண்டி எங்கே வந்தது என்று யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பிராண்டன்பர்க் வாசல். பெர்லின் சுவர் இருந்த காலத்தில் யாரும் நெருங்க முடியாத இடம். சுவர் விழுந்த பிறகு, இரு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்னால், 1990 செப்டம்பர் 30-ம் தேதிதான் மாரத்தான் முதன்முதலாக அதற்குள் புகுந்து போனது. நாங்கள் போன சமயம் அதன் தூண்களில் ஆரஞ்சுச் சாயம் வழிந்து கிடந்தது. பருவநிலைப் போராட்டக்காரர்கள் ஒரு வாரம் முன்பு பீய்ச்சி அடித்ததாம். கஷ்டப்பட்டு வந்த எங்களுக்குப் போட்டோவில் சாயம் பூசிய வாசல்தான் கிடைத்தது! வாசலைத் தாண்டியதும் கைகோத்துக்கொண்டு கோட்டைக் கடந்தோம். 2 மணி 16 நிமிடம்.

அக்கா நடைபாதையில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றினார். முழங்கால் பப்பாளிப் பழம்போல வீங்கியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. எங்களுக்கும்தான்.

மறுநாள் தெருவோரம் நின்று ஓட்டக்காரர்களைப் பார்த்தோம். எத்தியோப்பியப் பெண் டிகிஸ்ட் அசெஃபா அன்று 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பழைய சாதனையைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. (அடுத்த ஆண்டு அதையும் ஒரு கென்யப் பெண் முந்திவிட்டார்.) கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் சக்கரம் கட்டிக்கொண்டு போனதைவிட, அந்தப் பெண் வெறும் காலால் ஓடி நாலு நிமிஷம் முன்னால் வந்துவிட்டாள்! வேனில் வீடு திரும்பும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஊர் வந்து ஒரு வாரம் ஆனதும், அக்டோபர் 2-ம் தேதி, சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்கள். நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ் இருவரும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். 2025 உலகப் போட்டியில் நம் ஊர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். ‘உன்னோட ஓட்டத்துல நம்ம பையன் ஜெயிச்சுட்டான்’ என்று அத்தை கும்பகோணத்திலிருந்து போன் போட்டார். இதே நாத்தனார்தான் பேப்பரில் பார்த்துச் சொன்னாளாம்.

அக்காவுக்கு நவம்பரில் சொன்ன தேதியில் மூட்டு மாற்றினார்கள். இப்போது அவர் சக்கரக் காலணி போடுவதில்லை. புதன்கிழமை ராத்திரி நாங்கள் பழகும்போது சைக்கிளில் கூடவே வந்து, “இடைவெளி! இடைவெளி!” என்று கத்திக்கொண்டிருக்கிறார். புளியோதரைப் பொடி எப்படிச் செய்வதென்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். மிளகாய் மட்டும் நாலில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டாராம்.

- ஒரு வாசகி, ஐந்தோவன், நெதர்லாந்து