ஓட்டு ஊரிலா, மும்பையிலா?

லோக்சபைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், முலுண்டிலும் தமிழர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "ஓட்டுப் போட ஊருக்குப் போகிறீர்களா, இல்லை இங்கேயேதானா?" என்பதே அது. கேட்பவருக்கும் பதில் தெரியாது. கேட்கப்படுபவருக்கும் நிச்சயம் இல்லை. "பார்க்கலாம்" என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஓட்டுப்பதிவு நாள் வரும், போகும். பலருடைய விரலில் மை ஏறுவதே இல்லை.

2024-ல் நடந்த பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 66 சதவீதம் பேர் ஓட்டளித்தார்கள். தமிழ்நாட்டில் இது 69 சதவீதத்துக்கும் மேல். ஆனால் மும்பை நகரின் 6 தொகுதிகளில் ஒன்றுகூட 60 சதவீதத்தை எட்டவில்லை. இதற்கு வெளியூர்க்காரர்கள் மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு காலை ஊரிலும் ஒரு காலை இங்கும் வைத்துக்கொண்டு எங்கும் ஓட்டுப் போடாமல் விட்டவர்கள் நம்மிலே எத்தனை பேர் என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

சட்டம் சொல்வது என்ன?

ஓட்டுரிமை பற்றி நம்மவர்களிடையே பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. "சொந்த ஊரில் வீடு இருக்கிறது, ஆகவே என் ஓட்டு அங்கேதான்" என்பது ஒன்று. "மகாராஷ்டிரத்தில் பிறக்காதவனுக்கு இங்கே ஓட்டு ஏது?" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியல்ல.

1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிறந்த ஊரையோ, தாய்மொழியையோ கேட்பதில்லை. 18 வயது நிரம்பிய இந்தியப் பிரஜை, எந்தத் தொகுதியில் "சாதாரணமாக வசிக்கிறாரோ" அந்தத் தொகுதியில் பதிவு செய்துகொள்ள உரிமையுள்ளவர். சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவராகக் கருதப்பட மாட்டார் என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியே போயிருப்பதனால் மட்டும் ஒருவர் வசிப்பிடத்தை இழந்துவிட மாட்டார் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவில்தான் நம்முடைய வாழ்க்கை இருக்கிறது. ஆறு மாதக் கட்டட வேலைக்கு வந்தவர் தற்காலிகமாக வெளியே வந்தவர். இருபது வருஷமாக இங்கேயே குமாஸ்தாவாக இருந்து, பிள்ளைகளையும் இங்கேயே படிக்க வைத்தவர் அப்படியல்ல. மூன்று வருஷம் கம்பெனியில் இருந்துவிட்டு, திரும்புவதா தங்குவதா என்று தெரியாமல் இருப்பவர் எந்த வகை? சட்டத்தில் இதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை. பதிவு அதிகாரி விவரங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் பெயர்

"இரண்டு இடத்திலும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்டு. ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு செய்துகொள்வதைச் சட்டம் தடை செய்கிறது. பதிவுக்காகப் பொய்யான தகவல் தந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டால் இரண்டு ஓட்டுமே செல்லாது.

2014-ல் தமிழ்நாட்டிலும் மும்பையிலும் ஒரே நாளில், ஏப்ரல் 24-ந் தேதி, ஓட்டுப்பதிவு நடந்தது. 2019-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18, மும்பையில் ஏப்ரல் 29. 2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, மும்பையில் மே 20. தேர்தலைப் பல கட்டமாக நடத்துவதால் வரும் இந்த இடைவெளி சிலருக்கு ஆசை காட்டுகிறது. ஒரு மாதத்தில் விரலில் வைத்த மை மங்கலாம், சட்டம் மங்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. பட்டியலைச் சுத்தப்படுத்தும் வேலையில் முதலில் அடிபடுகிறவன் வெளியூர் போனவன்தான். 2025-ல் பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்துக்கு முன் 7 கோடியே 89 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, இறுதிப் பட்டியலில் 7 கோடியே 42 லட்சமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-ந் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் வந்தவை. உரிமை கோரி மனுக் கொடுக்கப் பிறகு அவகாசம் தரப்பட்டது. ஆனால் பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிவிட்டுப் போன அலுவலரைப் பற்றி மும்பையில் இருப்பவருக்கு யார் சொல்வது?

இறந்தவர் பெயரையும், இரட்டைப் பதிவையும் நீக்குவதை நான் குறை சொல்லவில்லை. அது அவசியமான காரியம். ஆனால் ஓர் இடத்தில் பெயரை நீக்கும்போது, அந்த மனிதர் மற்றோர் இடத்தில் சேர்க்கப்பட்டாரா என்று பார்க்கும் பொறுப்பையும் தேர்தல் கமிஷன் ஏற்க வேண்டும் என்பதே என் எண்ணம். நீக்குவது சர்க்கார் வேலை, சேர்வது உன் வேலை என்றால், நடுவில் விழுபவர் ஏழைத் தொழிலாளிதான்.

இருக்கும் இடமே ஓட்டிடம்

நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்களோ, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ, எந்த லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறீர்களோ, அங்கே ஓட்டுப் போடுங்கள். சாலில் கழிவுநீர் தேங்கினால் திருநெல்வேலி எம்.பி. வந்து பார்க்க முடியாது. குடியிருப்பு இடிபட்டு மாற்று வீடு கேட்க வேண்டி வந்தால் உள்ளூர்ப் பிரதிநிதியின் வாசலில்தான் நிற்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவன் அங்கே நிற்கும்போது அவன் குரலுக்குக் கனம் குறைவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாநகராட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டசபைத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இங்கே பதிவு செய்யாதவர் எம்.பி. தேர்தலோடு எம்.எல்.ஏ., கார்ப்பரேட்டர் தேர்தலையும் சேர்த்தே இழக்கிறார்.

இங்கே பதிவு செய்த தமிழர் ஓட்டுக்கு மதிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 என்று மூன்று முறையும் மகாராஷ்டிரச் சட்டசபைக்குப் போனவர் ஆர்.தமிழ்ச்செல்வன். அவர் எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சல்ல. தமிழர் பெயர் பட்டியலில் இருந்தால் எல்லாக் கட்சியும் நம் வாசலுக்கு வரும் என்பதுதான் பேச்சு.

"ஊரில் பெயரை எடுத்துவிட்டால் நமக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர்கள் வருத்தப்படுவது நியாயமே. ஆனால் நிலம் பட்டாவில் இருக்கிறது. குலதெய்வம் கோவிலில் இருக்கிறது. உறவு கல்யாணம் காட்சியில் இருக்கிறது. ஓட்டுப் பட்டியலில் பெயர் மாறுவதால் இவற்றில் எதுவும் போய்விடாது.

போய்வரும் தொழிலாளிக்கு என்ன வழி?

பருவ வேலைக்கு வந்து போகிறவர் கதை வேறு. அவருடைய மனைவி மக்களும், ரேஷன் கார்டும் ஊரில். அவர் அங்கே ஓட்டுப் போடுவதுதான் முறை. ஆனால் எப்படிப் போவது? நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போக, ஒன்றரை நாள் வர. டிக்கெட் கிடைத்தாலும் நான்கு நாள் கூலி போயிற்று. அடுத்த வாரம் வேலை இருக்குமோ, இராதோ!

இதற்கு வழியே இல்லையா? மற்றவர்களுக்கு வழி செய்திருக்கிறார்களே! எல்லையில் இருக்கும் ராணுவ வீரருக்குத் தபால் ஓட்டு உண்டு. பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த காஷ்மீரிகளுக்கு டில்லியிலும் ஜம்முவிலும் தனி ஓட்டுச் சாவடிகள் அமைக்கிறார்கள். 85 வயதைத் தாண்டியவர் வீட்டிலிருந்தே ஓட்டளிக்கலாம்.

வேட்பாளருக்குக் கிடைக்கும் சலுகையையும் பாருங்கள். லோக்சபைக்கு ஒருவர் தாம் வசிக்காத மாநிலத்தில் நிற்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு தொகுதியிலும் நிற்கலாம். ராஜ்யசபைக்கு அந்தந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியை 2003-ல் எடுத்தேவிட்டார்கள். அது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2006-ல் தீர்ப்பளித்தது. நிற்பவருக்கு நாடு முழுவதும் சொந்த ஊர். ஓட்டுப் போடுபவருக்கு மட்டும் ஒரே ஒரு சாவடி!

தேர்தல் கமிஷன் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் ஓட்டுகளைப் பதியக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரி 16-ந் தேதி டில்லியில் கட்சிகளைக் கூட்டியது. கட்சிகள் பல கேள்விகளை எழுப்பின. வெளியூர்த் தொழிலாளி யார் என்று எப்படி முடிவு செய்வது? தொலைவில் உள்ள சாவடியில் எல்லா வேட்பாளருக்கும் ஏஜெண்டு எப்படி உட்காருவார்? தேர்தலே நடக்காத மாநிலத்தில் நன்னடத்தை விதியை யார் அமல் செய்வது? 2024 தேர்தலுக்கு அந்த இயந்திரம் வரவில்லை.

கேள்விகள் நியாயமானவையே. சிறிய கட்சிக்கும் சுயேச்சைக்கும் மும்பையில் ஏஜெண்டு வைப்பது எளிதல்ல. ஆனால் கேள்வி கடினம் என்பதற்காக விஷயத்தையே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவதா? முதலில் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் சிறிய அளவில் செய்து பார்க்கட்டும். பெயரை முன்கூட்டியே பதிந்தவருக்கு மட்டும் தரட்டும். அந்தப் பட்டியலைக் கட்சிகள் சரிபார்க்க ஒரு மாதம் கொடுக்கட்டும். 17 கோடி வாக்காளர்களைக் கொண்டு 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலை நடத்திக் காட்டிய நாட்டுக்கு இது முடியாத காரியம் அல்ல.

விடுமுறையும் கூலியும்

ஓட்டுப்பதிவு நாளில் ஓட்டுரிமையுள்ள ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. கடை, தொழிற்சாலை, கம்பெனி எதுவானாலும் இது பொருந்தும். தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு? 500 ரூபாய் வரை. ஒரு நாள் மிஷின் நின்றால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அபராதத்தை உயர்த்த வேண்டும். வெளிமாநிலத்தில் ஓட்டுள்ளவருக்குப் பயண நாட்களையும் சேர்த்து, சம்பளம் இல்லாத விடுப்பாவது கட்டாயம் தர வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிறப்பு ரயில் விடுகிற ரயில்வே, தேர்தலையும் ஒரு திருவிழாவாக எண்ணினால் நல்லது.

ஓட்டுப் போடாதவருக்குத் தண்டனை விதிக்க வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டமே செய்தார்கள். 2015-ல் ஹைகோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. எனக்கு இதில் சம்மதம் இல்லை. சோம்பலால் வராதவரையும் வர முடியாதவரையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் அது. முதலில் வழியைத் திறந்து விடட்டும். பிறகு வராதவரைக் கேட்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். இங்கேயே தங்கிவிட்டவர்கள் படிவம் 8 கொடுத்து, ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை இந்த முகவரிக்கு மாற்றிக் கொள்ளலாம். முதல் முறையாகச் சேருபவருக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி 1-ந் தேதி ஒன்றைத்தான் வயதுக் கணக்குக்கு எடுத்தார்கள். 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்துள்ளன. பிள்ளைகள் விஷயத்தில் இதைக் கவனியுங்கள்.

வீட்டு வாடகைச் சீட்டு இல்லை, நடைபாதைதான் படுக்கை என்பவருக்கும் வழி உண்டு. அவர் அந்த இடத்தில்தான் தூங்குகிறார் என்பதைச் சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதி செய்தால் போதும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது.

ஓட்டுப்பதிவு நாளில் உங்கள் பெயரில் வேறு யாராவது முன்பே போட்டுவிட்டால், பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று அதிகாரிக்குத் தெரியப்படுத்தி, மாற்று ஓட்டுச் சீட்டு வாங்கி ஓட்டளிக்க விதி இடம் தருகிறது.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பந்தல் போடும் நம்முடைய சங்கங்கள், வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜை நாற்காலி போட்டு, படிவம் நிரப்பித் தரும் வேலையை எடுத்துக்கொண்டால் அது பெரிய தொண்டு. எழுதத் தெரிந்த குமாஸ்தா எழுதத் தெரியாத தொழிலாளிக்குச் செய்யக்கூடிய உதவி இதைவிட வேறு என்ன? அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், இந்த மாதமே பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.