பாயிரம் பிழைத்த படங்கள்: தமிழ்த் திரைப்பட விளம்பரமும் ‘கேட்போர்’ சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

தரமான தமிழ்த் திரைப்படங்கள் சில, வெளியான காலத்தில் திரையரங்கில் தோல்வியுற்றுப் பின்னர் தொலைக்காட்சி, மறுவெளியீடு ஆகியவற்றின் வழியே பெரும் பார்வையாளரைப் பெற்றுள்ளன. விளம்பரம் போதாமையே இத்தோல்விக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. விளம்பரத்தின் அளவைவிட அது யாரை அழைத்தது என்பதே முதன்மையானது என்னும் கருத்தை, நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர உறுப்புகளை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்னோட்டம், சிறப்புப்பாயிரம், கேட்போர், அன்பே சிவம், ஆயிரத்தில் ஒருவன், கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

ஒரு படைப்பை அதன் நுகர்வோருக்கு அறிமுகப்படுத்தும் முறையைத் தமிழ் இலக்கண மரபு பாயிரம் என்னும் பெயரால் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாகப் பவணந்தியார் வகுத்தார். காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. இங்கு யாப்பு என்பது செய்யுள் யாப்பன்று. எந்த நூலைக் கற்றபின் இந்நூலைக் கற்க வேண்டும் என்னும் தொடர்ச்சியை அது குறிக்கும்.

பாட்டுப் புத்தகமும் தட்டியும் ஒலிபெருக்கி வண்டியும் சுவரொட்டியும் செய்த வேலையை இன்று முன்னோட்டம் செய்கிறது. வடிவம் மாறினாலும் இவை யாவும் திரைப்படத்தின் பாயிரங்களே. இவற்றுள் ஆசிரியர் பெயரும் படத்தின் பெயரும் ஒருபோதும் விடுபடுவதில்லை. பிழை நேர்வது பெரும்பாலும் நுதலிய பொருளிலும் கேட்போரிலுமே.

வெற்றி பெறாத படம் ஒவ்வொன்றையும் விளம்பரத்தால் வீழ்ந்த படம் எனக் கொள்வது பொருந்தாது. படமே பழுதுடையதாக இருக்கலாம். எனவே ஒரு சோதனை தேவைப்படுகிறது. அதே படம் மாற்றமின்றி வேறு சூழலில், வேறு அறிமுகத்துடன் காட்டப்பட்டபோது வரவேற்புப் பெற்றதா என்பதே அச்சோதனை.

அன்பே சிவம்: பெயரும் யாப்பும்

சுந்தர் சி. இயக்கத்தில் கமல்ஹாசன், மாதவன் நடித்த ‘அன்பே சிவம்’ 2003 சனவரி 15 அன்று பொங்கல் வெளியீடாக வந்தது. கதை, திரைக்கதை கமல்ஹாசன், உரையாடல் மதன். புவனேசுவரம் விமான நிலையத்தில் மழையால் சிக்கிக்கொள்ளும் இருவர் சென்னைக்கு வந்துசேரும் பயணமே கதைப்போக்கு. ஒருவர் நல்லசிவம், தொழிலாளர் ஊதிய உயர்வுக்காகப் போராடிய பொதுவுடைமையர், வீதி நாடகக் கலைஞர். மற்றவர் அன்பரசு, விளம்பரப் படம் எடுப்பவர். விளம்பரக்காரர் ஒருவரைக் கதைமாந்தராகக் கொண்ட படமே தன் அறிமுகத்தில் இடறியது விந்தையான பொருத்தம்.

திருமூலரின் வாக்கிலிருந்து எடுக்கப்பட்ட பெயரை முதலில் நோக்கலாம். படத்துக்குள் அப்பெயர் கூர்மையாகப் பொருள்படுகிறது. தொழிலாளரின் ஊதியத்தைக் குறைத்துப் பிடிக்கும் ஆலை முதலாளி கந்தசாமி படையாட்சி தீவிரச் சிவபக்தர். அவரை எதிர்த்து நிற்கும் இறைமறுப்பாளரிடமே அன்பு வாழ்கிறது என்பது படத்தின் வாதம். எனினும் இம்முரண் படத்தைப் பார்த்து முடித்தவருக்கு மட்டுமே விளங்கும். சுவரொட்டியில் பெயரை மட்டும் படித்தவருக்கு அது பக்திப் படத்தின் பெயராகவோ காதல் படத்தின் பெயராகவோ தோன்ற இடமுண்டு. தொழிற்சங்கம், ஊதியம், வீதி நாடகம் ஆகியவற்றுக்கான குறிப்பு எதுவும் அதில் இல்லை.

யாப்பு இதனினும் வலுவான தடையாக அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கமல்ஹாசன் நடிப்பில் வந்தவை ‘பம்மல் கே. சம்பந்தம்’, ‘பஞ்சதந்திரம்’ ஆகிய நகைச்சுவைப் படங்கள். சுந்தர் சி. ‘உள்ளத்தை அள்ளித்தா’ இயக்கியவர். இவ்விரு பெயர்களும் சேர்ந்தபோது விழாக்காலப் பார்வையாளர் எதிர்பார்த்தது சிரிப்பை. காலமும் துணைநிற்கவில்லை. அதே பொங்கலையொட்டி விக்ரமின் ‘தூள்’, விஜய்யின் ‘வசீகரா’, விஜயகாந்தின் ‘சொக்கத்தங்கம்’ ஆகியவை திரையரங்குகளைப் பங்கிட்டுக்கொண்டன. அப்படங்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட விதத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கவில்லை.

படம் வணிகத்தில் தோற்றது. பின்னர்த் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, இன்று தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், அப்படத்தில் சுனாமி பற்றி இடம்பெற்ற உரையாடல் பலரால் நினைவுகூரப்பட்டது. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. அதை அணுகிய முறையே மாறியது. முன்கூறிய சோதனையில் இப்படம் தெளிவாகத் தேறுகிறது.

தொழிற்பேட்டையும் இரண்டாம் வாரமும்

இப்படத்துக்கு உரிய கேட்போர் யார் என்னும் வினாவுக்குக் கும்மிடிப்பூண்டி ஒரு விடை தருகிறது. ஒடிசாவிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை தமிழகத்துக்குள் நுழைவது இவ்வட்டத்தில்தான். நல்லசிவமும் அன்பரசும் வரும் திசையும் அதுவே. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள் உட்படப் பல ஆலைகள் இயங்குகின்றன. ஊதிய உயர்வு, ஒப்பந்தத் தொழில், சங்கம் அமைத்தல் ஆகியவை இங்கு வாழ்வோருக்கு அன்றாடப் பேச்சு. ஆலைத் தொழிலாளியை நடுவில் வைத்த ஒரு படம் வந்திருப்பதை அவருக்குத் தெரிவிக்கும் கடமை அதன் விளம்பரத்துக்கு இருந்தது. பெயரும் நட்சத்திரமும் மட்டுமே முன்னின்ற அறிமுகத்தில் அச்செய்தி போய்ச் சேர வழியில்லை.

செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் திரைப்பட வணிகர் கணக்கில் அது இன்றும் ‘செங்கல்பட்டு ஏரியா’வுக்குள் அடங்கும். ஒரே விநியோக உரிமைக்குள் சென்னைப் புறநகரும் ஆந்திர எல்லையோரச் சிற்றூரும் இடம்பெறுவதால், இரண்டுக்கும் ஒரே சுவரொட்டி, ஒரே முன்னோட்டம். தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதிக்கு எனத் தனி அறிமுகம் வகுப்பதற்கு இவ்வமைப்பில் தூண்டுதல் குறைவு.

முறைமாற்றுப் பணி இன்னொரு சிக்கல். இரவுப் பணியில் இருக்கும் தொழிலாளி முதல் வெள்ளிக்கிழமையே படம் பார்ப்பதில்லை. வார விடுமுறையில், உடன் பணிபுரிபவர் சொன்னதைக் கேட்டு, இரண்டாம் வாரத்தில் போகக்கூடியவர் அவர். படச்சுருள் காலத்தில் ஏ, பி, சி ‘சென்டர்’ என்னும் படிநிலை இருந்தது. நகரத்தில் ஓடிய படம் சில வாரங்கள் கழித்தே சிற்றூருக்கு வரும். அதற்குமுன் வாய்மொழி வந்துவிடும். விளம்பரம் செய்த பிழையை வாய்மொழி திருத்துவதற்கு இந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. எண்ணிமத் திரையிடல் பரவியபின் நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் படம் வெளியாகிறது. முதல் மூன்று நாள் வசூல் குறைந்தால் அடுத்த வெள்ளியன்று திரை வேறு படத்துக்குப் போய்விடும். முன்னோட்டத்தின் பொறுப்பு இதனால் பன்மடங்காகியுள்ளது என்பது வணிகப் பேச்சில் போதிய அழுத்தம் பெறுவதில்லை.

ஆயிரத்தில் ஒருவன்: மாறிய பொருள், மாறாத படம்

செல்வராகவன் இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 சனவரி 14 அன்று வெளியாயிற்று. எம்.ஜி.ஆர். நடித்த 1965ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையே இப்படமும் தாங்கியது. அப்பெயர் எழுப்பும் நினைவு கடற்பயணமும் வீரசாகசமும் ஆகும். முதற்பாதி அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறது. காணாமற்போன தொல்லியல் அறிஞரைத் தேடிப் போகும் குழு, வழியில் ஏழு வகை இடர்கள். இரண்டாம் பாதியில் படம் முற்றிலும் வேறொன்றாகிறது. 1279இல் தலைமறைவான சோழர் வழியினர் பசியோடு மறைந்து வாழும் நிலம், பழந்தமிழ்ச் சாயலில் உரையாடல், இறுதியில் ஓர் இனத்தின் அழிவு. சாகசம் காண அமர்ந்தவர்கள் பலர் குழம்பினர்.

ஈழத்தின் இறுதிப் போர் 2009 மே மாதத்தில் முடிந்திருந்தது. சிறைப்பட்ட மக்கள்மேல் நிகழும் கொடுமைகளைக் காட்டும் இறுதிக் காட்சிகளை அப்போரோடு சேர்த்து வாசித்தோர் பலர். அவ்வாசிப்பு பின்னர் வளர்ந்தது. வெளியீட்டின்போது படத்தின் நுதலிய பொருளாக அது முன்வைக்கப்படவில்லை. 2021 திசம்பர் 31 அன்று படம் மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது இளைஞர்கள் திரண்டு வரவேற்றனர். இம்முறை அரங்குக்குள் நுழைந்தவர்களுக்குத் தாம் பார்க்கவிருப்பது சோழரின் வீழ்ச்சி என்பது முன்பே தெரியும். பதினொரு ஆண்டுக்காலப் பேச்சே அவர்களுக்குப் பாயிரமாக இருந்தது.

ஆலிவுட்டிலும் இதற்கு இணை உண்டு. ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) என்ற பெயரிலிருந்து அதன் கதையை யாராலும் ஊகிக்க முடியவில்லை; ஏழு ஆசுகர் பரிந்துரைகளும் ஒளிநாடாவும் தொலைக்காட்சியுமே அதனை மீட்டன. பிராட் பேர்டின் ‘தி அயர்ன் ஜயண்ட்’ (1999) படத்துக்கு வார்னர் நிறுவனம் போதிய விளம்பரத் திட்டமின்றி வெளியீட்டை நெருங்கியது. இது அளவுக் குறைவுக்கு எடுத்துக்காட்டு. தமிழ்ப் படங்களில் கண்டது வேறு வகை.

மீட்சிக்கு வழியற்ற படம்

தொலைக்காட்சி எல்லாப் படங்களையும் மீட்பதில்லை. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2010இல் நியூயார்க்கின் தெற்காசியத் திரைப்பட விழாவில் விருது பெற்றது. உள்நாட்டில் தணிக்கைச் சிக்கலால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை சென்று, 2011 சூன் 10 அன்றுதான் வெளியாக முடிந்தது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இயலாது. ஆகவே ‘அன்பே சிவ’த்தைக் காப்பாற்றிய களன் இதற்குத் தொடக்கத்திலேயே அடைபட்டது. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு ஆகிய தேசிய விருதுகள் அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டபோது படம் அரங்குகளில் இல்லை. இயக்குநரின் அடுத்த படமான ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019 மார்ச்சில் வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1978 தீபாவளிக்கு வெளியான ‘அவள் அப்படித்தான்’. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீபிரியா என மூன்று பெயர்கள் சுவரொட்டிக்குக் கிடைத்தன. படமோ தனித்து நிற்க விழையும் ஒரு பெண்ணைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படைப்பு. பண்டிகைக் கூட்டம் முதலில் அதை ஏற்கவில்லை. மிருணாள் சென், பாரதிராசா போன்றோர் பாராட்டியபின்னரே கவனம் திரும்பியது. அதன் இயக்குநர் ருத்ரய்யா 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ எடுத்தார். 2014இல் மறையும்வரை அவரது மூன்றாவது படம் வரவில்லை.