தங்கவயல் மேடுகளில் ஆவாரை பூக்குமா?

கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். 1760-ல் பெங்களூரில் பாறைக்குன்றை ஒட்டி லால்பாக் பூங்காவைத் தொடங்கியவர் அவர்.

அவர் பிறந்த ஊருக்கு அருகிலோ பூவுக்குப் பதில் புழுதி. மத்திய அரசின் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபோது, சயனைடு கலந்த 13 கழிவு மண்மேடுகள் எஞ்சின. காற்றடித்தால் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் தூசு படிகிறது.

மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின்னும் மணல் எஞ்சும். அதன்மீது நல்ல மண் பரப்பி, வெயிலை விரும்பி, வறட்சியைத் தாங்கி, ஆழ வேரூன்றும் ஆவாரை போன்ற குறுஞ்செடிகளைச் சோதித்து நடுவதை ஏல நிபந்தனையாக்க வேண்டும். பொன் அரசுக்கு, புழுதி மக்களுக்கு என்பது நீதியாகாது.